ஐம்பத்தோராம் சங்கீதத்தை ஜெபிப்பது எப்படி: மனந்திரும்ப விரும்புகிறவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"தேவனே, உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்." மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கத்திலோ கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்கள் இந்த வரியை எப்படியும் கேட்டிருப்பார்கள். லெந்து நாட்களில், அதாவது உயிர்த்த ஞாயிற்றுக்கு முன்னான தவக்காலத்தில், எங்கள் மெதடிஸ்த ஆலயங்களில் வாசிப்போம். சாம்பல் புதன் பூசையில் கத்தோலிக்கக் கோயில்களில் பாடுவார்கள். முதல் வரி எல்லோருக்கும் வாயில் வரும். பத்தொன்பது வசனங்களையும் தன்னுடைய ஜெபமாக எடுத்து, நிதானமாக, கடைசிவரை ஜெபித்தவர்கள் மிகக் குறைவு.

நெஞ்சில் ஒன்றைப் பல வருடமாக வைத்துக்கொண்டு, அதை ஆண்டவரிடம் எப்படித் தொடங்கிச் சொல்வது என்று தெரியாமல் இருப்பவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். மனப்பாரம் கொஞ்சம் இறங்கினால் போதும் என்று இந்தச் சங்கீதத்தை வாசிப்பதை நான் ஏற்பதில்லை. இதை உண்மையாக ஜெபித்தவர் ஒருநாள் எழுந்துபோய் யாரோ ஒருவரின் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். அதுவரை ஜெபம் பாதிதான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வாசலுக்குத்தான் போகின்றன.

எத்தனை காலத்து ஜெபம் இது

சங்கீதத்தின் தலைப்பு இதைத் தாவீது ராஜாவின் ஜெபம் என்கிறது. 4ஆம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவில் ஆயராக இருந்த பாசில், தன் மக்கள் இரவெல்லாம் ஜெபித்து, விடியும்போது ஒரே குரலாகப் பாவ அறிக்கைச் சங்கீதத்தைப் பாடுவதைப் பற்றிக் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். அது இந்தச் சங்கீதமே என்பது பலருடைய கருத்து. 430ஆம் ஆண்டு ஹிப்போ நகரில் மரணப்படுக்கையில் கிடந்த அகுஸ்தீன், தாவீதின் மனந்திரும்புதல் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் சொல்லி, படுத்தபடியே வாசித்து அழுதார் என்று அவருடன் இருந்த பொசிதியுஸ் பதிவு செய்திருக்கிறார். 6ஆம் நூற்றாண்டில் கசியதோருஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், 6, 32, 38, 51, 102, 130, 143 ஆகிய ஏழையும் மனந்திரும்புதல் சங்கீதங்கள் என்று ஒன்றாக எண்ணினார். அந்த ஏழின் நடுவில் இருப்பது இதுதான். கிழக்கத்திய ஓர்த்தடொக்ஸ் சபைகளில் இது ஒரே நாளில் பலமுறை ஒலிக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் காலை மன்றாட்டில் வெள்ளிக்கிழமைதோறும் இது உண்டு.

பழைய புத்தகங்களில் இதை 50ஆம் சங்கீதம் என்று கண்டால் குழம்ப வேண்டாம். கிரேக்க, லத்தீன் வேதாகமங்களில் 9ஆம் 10ஆம் சங்கீதங்கள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் எண் ஒன்று குறைகிறது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் "கடவுளே! உமது பேரன்பிற்கேற்ப எனக்கு இரங்கும்" என்று தொடங்கும். எங்கள் கையில் இருக்கும் பழைய வேதாகமத்தின் சொற்களையே நான் இங்கே எடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் எது இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மட்டும் மாற்றாதீர்கள், மனப்பாடம் ஆகாது.

முதல் படி: நடந்ததை வாசியுங்கள்

சங்கீதத்தைத் திறப்பதற்கு முன், அதன் தலைப்பு சொல்லும் சம்பவம் இருக்கிற 2 சாமுவேல் 11ஆம் 12ஆம் அதிகாரங்களை ஒரே இருப்பில் வாசித்துவிடுங்கள். இதைத் தவிர்த்தவர்களுக்குச் சங்கீதம் வெறும் அழகான வார்த்தையாகவே நின்றுவிடும்.

யுத்த காலம். படை களத்தில், ராஜா அரண்மனையில். மாலையில் உப்பரிகையில் உலாவும்போது குளிக்கும் பெண்ணொருத்தியைக் காண்கிறான். அவள் உரியாவின் மனைவி பத்சேபாள் என்று விசாரித்துத் தெரிந்த பிறகுதான் ஆளனுப்பி அழைத்துவருகிறான். அதைக் கவனியுங்கள். தெரியாமல் நடந்தது ஒன்றும் இதில் இல்லை. அவள் கர்ப்பமானதும் உரியாவைக் களத்திலிருந்து வரவழைத்து, வீட்டுக்குப் போ என்கிறான். உடன்படிக்கைப் பேழையும் படையும் கூடாரத்தில் இருக்க நான் மட்டும் வீட்டில் போய்ச் சாப்பிட்டுப் படுப்பேனா என்று உரியா அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொள்கிறான். கடைசியில், அவனைப் போர் மும்முரமான இடத்தில் நிறுத்திப் பின்வாங்குங்கள் என்று படைத்தலைவன் யோவாபுக்கு ஒரு கடிதம். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோகிற கை உரியாவுடைய கை. தன் மரணத்தைத் தானே சுமந்துகொண்டு போகிறான் அந்த மனிதன். அவன் முன்பின் தெரியாத சிப்பாயும் அல்ல. தாவீதின் பேர்போன வீரர்களின் பட்டியலில் 2 சாமுவேல் 23இல் கடைசிப் பெயர் அவனுடையது.

பிறகு நாத்தான் தீர்க்கதரிசி வருகிறார். ஏழை ஒருவன் பிள்ளையைப்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்து விருந்து சமைத்த கதையைச் சொல்கிறார். தாவீது கொதித்தெழுந்து, அந்த ஆட்டுக்குட்டிக்காக அவன் நாலத்தனை திரும்பச் செலுத்தவேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறான். "நீயே அந்த மனுஷன்" என்கிறார் நாத்தான்.

இந்த "நாலத்தனை", அதாவது நாலு மடங்கு, என்பதை மனதில் குறித்து வையுங்கள். திரும்ப வருவோம்.

இரண்டாம் படி: நேரமும் இடமும்

லெந்து காலம் எங்களுக்குப் பெரும்போக வேளாண்மை வெட்டோடு சேர்ந்து வருகிறது. வெட்டு மெஷினுக்குக் காத்திருப்பு, நெல் காயவைப்பு, விலை எப்படி என்ற பதற்றம். ஆகவே, ஓய்வு கிடைத்ததும் ஜெபிப்போம் என்று விட்டால் உயிர்த்த ஞாயிறு வந்துவிடும். விடிகாலை ஒரு நேரத்தை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். வயல் வட்டைக்குப் போகிறவர்கள் புறப்படும் முன், தோணிக்காரர்கள் கரைக்கு வந்து மீன் கொடுத்து முடித்த பின். வெள்ளிக்கிழமை மிகப் பொருத்தம், கட்டாயம் இல்லை.

முழங்காலில் நிற்க முடிந்தால் நில்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கதிரையில் இருக்கலாம். போனை வேறு அறையில் வையுங்கள், வேதாகமம் போனில்தான் இருக்கிறது என்றால் அச்சுப் பிரதி ஒன்று தேடிக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும். வாய்விட்டு வாசிக்க வேண்டும். முழுச் சங்கீதமும் நிதானமாக வாசித்தால் நாலைந்து நிமிடம்தான் ஆகும்.

முதல் சில நாட்கள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அப்படியே வாசியுங்கள், எங்கும் நிற்காமல். அப்புறம் ஒவ்வொரு பகுதியாக எடுத்து, ஒரு பகுதிக்கு ஒரு கிழமை கொடுங்கள். லெந்து முழுவதற்கும் கணக்குச் சரியாக வரும்.

மூன்றாம் படி (வசனம் 1–2): இரக்கத்தில் தொடங்குங்கள்

தாவீது தன் பாவத்தைச் சொல்லித் தொடங்கவில்லை. கிருபை, மிகுந்த இரக்கங்கள் என்று ஆண்டவருடைய குணத்தைச் சொல்லித் தொடங்குகிறான். கழுவும், சுத்திகரியும் என்ற வேண்டுதல் அதற்குப் பின்னால்தான் வருகிறது. நீங்களும் அதே ஒழுங்கில் போங்கள். "நான் எவ்வளவு மோசமானவன்" என்று தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் ஜெபம் முழுவதும் உங்களைப் பற்றியதாகிவிடும். இந்த இரண்டு வசனங்களையும் மூன்று நான்கு தடவை சொல்லி, மூச்சு அடங்கிய பிறகு மேலே போனால் போதும்.

நான்காம் படி (3–6): பெயர் சொல்லுங்கள்

இங்கேதான் நீண்ட நேரம் தங்க வேண்டும். "என் மீறுதல்களை நான் அறிந்திருக்கிறேன், என் பாவம் எப்பொழுதும் எனக்கு முன்பாக நிற்கிறது" என்று வாசித்ததும் கொப்பியை எடுங்கள். பொதுவாக எழுதக் கூடாது. "எனக்குப் பேராசை உண்டு" என்று எழுதுவது மிக எளிது, அது யாரையும் எங்கும் போகச் சொல்லாது. "சீட்டை முதலில் எடுத்துவிட்டு, கடைசித் தவணைகளை மாமிக்குக் கட்டாமல் விட்டேன்" என்று எழுதிப் பாருங்கள், பேனை நிற்கும். "கத்தாரில் இருந்து தம்பி வீடு கட்ட அனுப்பிய காசில் இவ்வளவை அவனுக்குச் சொல்லாமல் எடுத்தேன்." "ராத்திரியில் வாய்க்காலை என் பக்கம் திருப்பினேன்." "2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு பக்கத்து ஊர் முஸ்லிம் மக்களைப் பற்றி வந்த செய்திகளை, உண்மையா என்று பாராமல் வாட்சாப்பில் பத்துப் பேருக்கு அனுப்பினேன்." எவருக்கு, எதை, எவ்வளவு. இந்த மூன்றும் இருந்தால் அது அறிக்கை.

நான்காம் வசனத்தில் பலர் தடுக்குவார்கள், தடுக்கவும் வேண்டும். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்கிறான் தாவீது. அப்படியானால் உரியா? விதவையான பத்சேபாள்? கொலைக்குத் துணைபோகும்படி கட்டளை பெற்ற யோவாப்? எல்லாப் பாவமும் முடிவில் ஆண்டவரின் முகத்துக்கு எதிராகவே நிற்கிறது, அவரே மெய்யான நீதிபதி என்ற பொருளில்தான் சபை இந்த வசனத்தைப் படித்துவந்திருக்கிறது. மேலே நீதிபதி இல்லாத ஒரு ராஜா, தனக்கும் ஒரு நீதிபதி உண்டு என்று ஒப்புக்கொள்கிற வார்த்தை அது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு "நான் ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன், மனிதர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை" என்று பேசுகிறவர்களை எங்கள் ஊர்களிலும் பார்த்திருக்கிறோம். அதற்கு வேதாகமமே இடம் தரவில்லை. மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். இயேசுவின் வம்ச அட்டவணையில் பத்சேபாளின் பெயர் வரவேண்டிய இடத்தில் "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்று இருக்கிறது. தாவீது மன்னிக்கப்பட்டான். உரியாவின் பெயரை யாரும் அழிக்கவில்லை. மீட்பரின் பெயரோடு சேர்ந்து அது இன்றுவரை வாசிக்கப்படுகிறது.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கரையில் இது நிறையப் பேரின் கதை. 2004 டிசம்பர் 26 சுனாமிக் காலையில் பிள்ளையின் கை நழுவிப்போன தாய்மார் இருக்கிறார்கள். யுத்த காலத்தில் அண்ணனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அவர் திரும்பி வராமல் போனதற்குத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் தங்கைகள் இருக்கிறார்கள். ஐம்பத்தோராம் சங்கீதத்தை வாசிக்கும்போது முதலில் அதுதான் நினைவில் வரும். அம்மா, அது பாவம் அல்ல. அதைக் கொப்பியில் எழுதாதீர்கள். உங்களுக்கு நடந்ததையும் நீங்கள் செய்ததையும் ஒரே பக்கத்தில் போடக் கூடாது. துக்கத்துக்கு வேறு சங்கீதங்கள் உண்டு. 88ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே நிற்கிறது, மன்னிப்பு என்ற பேச்சே அதில் இல்லை. அதை எடுத்து அழுங்கள். உங்களுக்குக் கொடுமை செய்யப்பட்டிருந்தால் அதுவும் இப்படித்தான், அடிபட்டவர் அடிக்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

ஐந்தாம் வசனம், "என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்" என்பது, தாயைக் குறைசொல்வதற்கு அல்ல. இந்த ஒரு செயல் மட்டுமல்ல, என் வேரிலேயே கோணல் இருக்கிறது என்று தாவீது ஒப்புக்கொள்கிறான். ஆறாம் வசனம் அதற்குப் பதிலாக உள்ளத்தில் உண்மை கேட்கிறது. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

ஐந்தாம் படி (7–9): கழுவப்படுதல்

"நீர் என்னை ஈசோப்பினால் சுத்திகரியும்." ஈசோப்பு ஒரு சின்னச் செடி, கொத்தாகப் பிடித்துத் தெளிக்க உதவும். எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரவில் வாசல் நிலைகளில் இரத்தத்தைப் பூசினது ஈசோப்புக் கொத்தினால். லேவியராகமம் 14இல் குஷ்டரோகியைச் சுத்தன் என்று அறிவிக்கும்போது தெளிப்பதும் அதனால். ராஜா தன்னைக் குஷ்டரோகியின் இடத்தில் நிறுத்துகிறான். யோவான் நற்செய்தியில் சிலுவையில் இருந்த இயேசுவின் வாய்க்குக் காடியை நீட்டினதும் ஈசோப்புத் தண்டில்தான். ஞாயிறு பூசைக்கு முன் சுவாமி தீர்த்தம் தெளிக்கும்போது கத்தோலிக்கர் பல நூற்றாண்டுகளாகப் பாடிவந்தது இந்த வசனமே.

இந்தக் கிழமையில் எழுதுவதை நிறுத்துங்கள். கையை விரித்து வைத்துக்கொண்டு இந்த மூன்று வசனங்களையும் கேட்கிறவராக மட்டும் இருங்கள். நாமே தேய்த்துத் தேய்த்துச் சுத்தமாகப் பார்க்கிற பழக்கம் இங்கே விடவேண்டிய ஒன்று.

ஆறாம் படி (10–12): புதிய இருதயம்

"சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்பது பலருக்குப் பாட்டாகவே தெரியும். அடுத்த வசனத்தைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன்: "உமது பரிசுத்த ஆவியை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமலும் இரும்." தாவீது இதைக் கண்ணால் கண்டவன். கர்த்தருடைய ஆவி தனக்கு முன்னிருந்த சவுல் ராஜாவைவிட்டு நீங்கின பிறகு, அந்த மனிதன் ராத்திரி பகலாகப் பட்ட பாட்டையும், சுரமண்டலம் வாசித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்து பார்த்திருக்கிறான். சிங்காசனம் போகும் என்று தாவீது பயப்படவில்லை. சவுலைப்போல ஆகிவிடுவேனோ என்றுதான் பயம். உங்கள் பயம் எது என்று இந்தக் கிழமையில் கேட்டுப் பாருங்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயமா, ஆண்டவரின் முகத்தை இழந்துவிடுவோம் என்ற பயமா? இரண்டும் கலந்தே இருக்கும். கலந்திருப்பதையே சொல்லி ஜெபியுங்கள்.

ஏழாம் படி (13–17): வாயும் பலியும்

"ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்" என்ற வசனத்தோடு யூதர்கள் இன்றும் தங்கள் நின்று செய்யும் ஜெபத்தைத் தொடங்குகிறார்கள். துறவற மடங்களில் அன்றைய முதல் ஜெபமும் இதே வசனத்தோடு தொடங்கும். குற்றம் வாயைக் கட்டிப்போடும். அது எந்தக் குடும்பத்திலும் தெரியும், ஒருவரோடு ஒரு விஷயத்தை மறைத்தால் அவரோடு மற்ற எதையும் கலகலப்பாகப் பேச முடியாது.

பதினாறாம் வசனத்தில், பலியை நீர் விரும்பினால் செலுத்துவேன் என்கிறான். கொலைக்கும் விபசாரத்துக்கும் நியாயப்பிரமாணத்தில் பலி கிடையாது, மரணம்தான். ஆடு மாடு எத்தனை இருந்தாலும் ராஜா கொண்டுபோய்த் தீர்க்கக்கூடிய கணக்கு அல்ல அது. ஆகவேதான் நொறுங்குண்ட இருதயத்தைத் தவிர கையில் வேறு ஒன்றும் இல்லை. ஆயித்தியமலை மாதாவிடம் கால்நடையாகப் போகிறவர்களின் பக்தியை நான் மிகவும் மதிக்கிறேன். லெந்தில் மீன் இறைச்சி விட்டு அந்தக் காசை ஏழைக்குக் கொடுப்பதும் நல்லது. ஆனால் தம்பியின் காசை எடுத்துவிட்டுக் கோயிலுக்குக் கூரைத்தகடு வாங்கிக் கொடுத்தால் தம்பியின் காசு தம்பிக்கு வந்துசேர்ந்ததாகாது.

எட்டாம் படி: வாசலுக்குப் போங்கள்

இந்தப் படி சங்கீதத்தின் வசனங்களில் இல்லை, தாவீதின் வாயிலிருந்தே வந்த அந்த "நாலத்தனை" என்ற தீர்ப்பில் இருக்கிறது. தாவீதினால் உரியாவின் வாசலுக்குப் போக முடியாது, உரியா செத்துப்போனான். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. சகேயு இயேசுவைத் தன் வீட்டில் கண்டதும் முதலில் பேசினது காசைப் பற்றி: அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்றது இயேசுவே, மத்தேயு 5இல்.

என் மனைவியின் பக்கத்தில் ஒரு பெரியவர், வட்டைக்குள் பக்கத்துக் காணிக்காரரின் வரம்பை ஒவ்வொரு போகமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கித் தன் பக்கம் சேர்த்திருந்தார். மண்வெட்டியால் ஒரு கை அகலம், அடுத்த போகம் இன்னொரு கை அகலம். காணி உறுதியில் இருக்கிற அளவை யார் போய் அளக்கிறார்கள்? அயலானுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 27 சொல்வதை ஒரு லெந்துக் கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்தவர், அறுவடை முடிந்த வயலில் அந்த மனிதரைக் கூப்பிட்டு, "மச்சான், இந்த வரம்ப நான்தான் உன்ட பக்கம் தள்ளிக் கட்டினன். வா, அளந்து மாத்துவம்" என்றார். மற்றவர் ஒன்றும் பேசவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார், முளைக்கம்பு அடித்தார், போய்விட்டார். அடுத்த போகம் முழுவதும் இருவருக்கும் பேச்சில்லை. ஆனாலும் வரம்பு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது, இழந்த போகங்களுக்கான நெல்லும் மூட்டையாகப் போய்ச் சேர்ந்தது.

இதிலிருந்து சில நடைமுறைகள் சொல்லலாம். போகும்போது விளக்கம் கொண்டுபோகாதீர்கள். "அந்த நேரம் எங்களுக்கும் கஷ்டம்" என்று தொடங்கினால் கேட்கிறவருக்கு மன்னிப்புக் கேட்பதுபோல இருக்காது. செய்ததை ஒரே வசனத்தில் சொல்லுங்கள், திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கையோடு கொண்டுபோங்கள், முழுவதும் இல்லையென்றால் தவணை சொல்லுங்கள். அவர் மன்னிப்பாரா என்பது அவருடைய விஷயம். "ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீங்கள் ஏன் மன்னிக்கக் கூடாது" என்று ஒருபோதும் கேட்காதீர்கள், அது இரண்டாவது அடி. நீங்கள் போய் நிற்பதே அவருக்குப் பயத்தையோ ஆபத்தையோ கொடுக்கும் என்றால் நேரே போகாமல் போதகரிடமோ சுவாமியிடமோ நம்பிக்கையான பெரியவரிடமோ கேட்டு வழி பாருங்கள். கொலை, பிள்ளைகள்மேல் வன்முறை போன்றவற்றில் ஜெபத்தோடும் மன்னிப்போடும் முடித்துவைக்கப் பார்க்கக் கூடாது, சட்டத்துக்கு முன் நிற்பதும் மனந்திரும்புதலில் சேர்ந்ததே. ஆள் இறந்திருந்தால் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பிள்ளைகளும் இல்லையென்றால் அதே தொகையை ஏழை ஒருவருக்கு, பெயர் சொல்லாமல்.

கத்தோலிக்கர்களாக இருந்தால், கொப்பியில் எழுதியதோடு பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். பெரிய வியாழனுக்கு முன்னுள்ள நாட்களில் வரிசை நீளமாக இருக்கும், சில கிழமை முன்னரே போனால் அவசரமில்லாமல் பேசலாம். மற்றச் சபைகளில் இருப்பவர்கள் போதகரிடம் நேரம் கேட்டுத் தனியாகப் பேசலாம். எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கொப்பித் தாளை எரித்துவிடுங்கள், வீட்டில் பிறர் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டாம்.

ஒன்பதாம் படி (18–19): ஊருக்காக

கடைசி இரண்டு வசனங்களையும் பலர் விட்டுவிடுவார்கள். "சீயோனுக்கு உமது பிரியத்தின்படி நன்மைசெய்யும், எருசலேமின் மதில்களைக் கட்டுவீராக." தாவீதின் காலத்தில் மதில்கள் இடிந்திருக்கவில்லையே என்று கேட்டால், பாபிலோன் சிறையிருப்பில் நகரத்தை இழந்த மக்கள் இந்தச் சங்கீதத்தை எடுத்து ஜெபித்தபோது சேர்த்த வரிகள் இவை என்பது வேதாகம அறிஞர் பலரின் கருத்து. எனக்கு அது ஜெபத்தை இன்னும் நெருக்கமாக்குகிறது. ஒரு தனி மனிதனின் பாவ அறிக்கையை, நாசமான ஊர் ஒன்று தன் ஜெபமாக எடுத்திருக்கிறது.

மட்டக்களப்பில் இந்த வசனத்தை வாய்விட்டு வாசிக்கும்போது, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்த சீயோன் தேவாலயத்தையும், அங்கே ஞாயிறு பாடசாலைக்கு வந்து வீடு திரும்பாத பிள்ளைகளையும் நினையாமல் இருக்க முடியாது. அவர்களுடைய பெற்றோருக்காக இங்கே நின்று ஜெபியுங்கள். யுத்தத்தில் எரிந்த ஊர்களுக்காகவும், தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், சிங்கள ஊர் என்று பிரிக்காமல், பெயர் சொல்லி ஜெபியுங்கள். நம் ஆட்கள் செய்ததைச் சொல்ல வேண்டிய இடமும் இதுவே. பிறர் செய்ததை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஊரின் மதில் உயராது.

குடும்பமாகவும் கூட்டமாகவும்

சேர்ந்து ஜெபிப்பதென்றால் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஒரு வசனம் இவர்கள், ஒரு வசனம் அவர்கள் என்று மாறி மாறி வாசியுங்கள், ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு. சின்னப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வசனம் மட்டும் போதும். பிள்ளைகளின் குற்றத்தை எல்லோர் முன்னும் சொல்லவைக்காதீர்கள், பெற்றோர் தங்கள் குற்றத்தைப் பிள்ளைகளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டால் அவர்கள் தானாகவே கற்றுக்கொள்வார்கள். வாசிக்கத் தெரியாத, கண் மங்கிய பெரியவர்களுக்கு, ஆலயத்தில் தூரத்தில் நின்ற ஆயக்காரனின் ஜெபத்தைச் சொல்லிக்கொடுங்கள்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." லூக்கா 18. ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம், நாள் முழுவதும் சொல்லலாம்.

இடையில் நாட்கள் தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஒன்றும் உணராமல் வறண்டுபோய் வாசிக்கிற நாட்கள் வரும், அந்த நாட்களிலும் வாய்விட்டு வாசியுங்கள். எட்டாம் படியைத் தாண்ட முடியாமல் இருந்தால் ஒன்பதுக்குப் போகாமல் நான்காம் படிக்குத் திரும்புங்கள், அங்கே ஏதோ ஒன்று இன்னும் முழுவதாக எழுதப்படவில்லை என்று அர்த்தம். அந்த வாசலுக்குப் போய்விட்டு வந்த நாளில், பதில் எப்படியாக இருந்தாலும், 32ஆம் சங்கீதத்தை எடுங்கள். "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்று அதில் மூன்றாம் வசனம் சொல்கிறது. ஐந்தாம் வசனம்வரை அன்று வாசித்தால் போதும், மீதியை அடுத்த நாள் வாசிக்கலாம்.